யூட்டாவின் கேன்யன் வீதிகளில் சைக்கிள்: மட்டக்களப்பிலிருந்து போகும் ஒரு தம்பிக்கு

களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. வருகிற புரட்டாதியில் அமெரிக்காவின் டென்வரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார். அத்தானுக்கும் சைக்கிள் என்றால் உயிர். இரண்டு பேரும் ஒரு கிழமை எடுத்து, யூட்டா மாநிலத்தின் பாலைவனக் கேன்யன்களுக்குள், அதாவது ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்குகளுக்குள், சைக்கிளில் ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். தம்பி இங்கே பொத்துவில் வரை ஓடிப் பழகியவர், வெயிலுக்குப் பயமில்லை என்கிறார். இந்தப் பழக்கம் போதுமா, எந்தப் பாதையில் போகலாம், என்ன கொண்டுபோக வேண்டும், சைக்கிளை இங்கிருந்தே ஏற்றுவதா என்பவை அவர் கேட்டவை.

உடம்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை தம்பி. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு ஒரு நாளில் போய்ச் சேருகிற ஒருவருக்கு அந்த ஓட்டத்துக்கான கால் இருக்கிறது. நான் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. அங்கே போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள், ஏனென்றால் இங்கே அதுதான் பழக்கம். கல்முனைக்கு 40 கிலோமீற்றர், பொத்துவிலுக்கு 110 அளவில், அவ்வளவுதான் கணக்கு. நடுவில் காத்தான்குடி, களுதாவளை, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று வீடும் கடையும் கோயிலும் பள்ளிவாசலும் விடாமல் வரும். தாகம் என்றால் எந்த வாசலில் நின்று கேட்டாலும் தண்ணீர் தருவார்கள். ஆகவே போத்தல் ஒன்றுடன் புறப்பட்டுப் போய்விடுகிறோம்.

கேன்யன் நாட்டில் தூரம் இரண்டாவது கணக்கு. முதல் கணக்கு, இந்தத் தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் இடையில் எத்தனை மணித்தியாலம் என்பது. இதை எங்களுக்கு வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதம் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களைக் கேளுங்கள். உகந்தை தாண்டிக் காட்டுக்குள் இறங்கிவிட்டால் அவர்கள் பேச்சில் கிலோமீற்றரே வராது. குமுக்கன் ஆறு, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்குமிடங்களாலும் தண்ணீராலும்தான் வழி சொல்வார்கள். எங்கே ஊற்றுத் தோண்டலாம், எங்கே இந்த வருடம் வற்றியிருக்கும், எந்த இடத்தில் குடத்தை நிரப்பாமல் நகரக்கூடாது என்று வயதான அம்மாமாருக்கு மனப்பாடம். இப்போது பவுசரில் தண்ணீரும் அன்னதானமும் வருவதால் அந்தக் கணக்கு கொஞ்சம் மங்கிவிட்டது. ஆனால் உங்களுக்குத் தேவையான அறிவு அதுதான். புறப்படுவதற்கு முன் பல தடவை யாத்திரை போன யாரையாவது கண்டு, அவர் எப்படி நாளைப் பிரிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

நிலம் எப்படி இருக்கும் என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ நான்கும் சந்திக்கிற பகுதியில் கொலராடோ பீடபூமி இருக்கிறது. அடுக்கடுக்கான மணற்கல். பூமி அந்த அடுக்குகளை மெல்ல மேலே தூக்க, கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் அவற்றைக் கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே போயின. இளகிய அடுக்கு சரிந்துபோகும், இறுகிய அடுக்கு விளிம்பாக நிற்கும். அதனால் அந்த நாடு படிப்படியாக இருக்கிறது. மோவாப் என்ற சிறு பட்டணத்துக்குப் பக்கத்தில் 1964இல் உருவாக்கிய கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் இது அப்பட்டமாகத் தெரியும். உச்சியில் ஒரு மேட்டுநிலம். அதற்கு 300 மீற்றருக்கு மேல் கீழே வெள்ளை மணற்கல்லாலான ஒரு படி. அதிலிருந்து இன்னும் 300 மீற்றர் அளவு கீழேதான் ஆறு. அந்த நடுப்படியைச் சுற்றி ஓடுவதுதான் சைக்கிள்காரர் கனவு காணும் வைற் றிம் வீதி, 160 கிலோமீற்றர் சுற்று. 1950களில் அணுகுண்டுக்கு யுரேனியம் தேடியவர்களுக்காக வெட்டிய பாதை அது.

இந்த அமைப்பால் நடப்பது என்னவென்றால், நாள் முழுக்க ஆறு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. விளிம்பில் நின்று பார்த்தால் கீழே பச்சையாகக் கரையும் பழுப்பாக நீரும் தெரியும். இறங்க வழி கிடையாது. மேற்குப் பக்கத்தில் கிரீன் ஆற்றோரம் பாதை இறங்குகிற சில இடங்களில்தான் நீரைத் தொடலாம். அந்த நீரிலும் வண்டல் அதிகம். இரவு முழுக்கத் தெளியவிட்டுப் பிறகு வடிகட்டாவிட்டால் வடிகட்டி அடைத்துவிடும். ஒரு மடிப்பு வாளி கொண்டுபோனால் உதவும். ஆனால் அந்த ஆற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். வைற் றிம் வழியில் குழாயும் இல்லை, கடையும் இல்லை. எல்லாவற்றையும் மோவாப்பிலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்? பூங்காக்காரர் சொல்லும் குறைந்த அளவு ஆளுக்கு நாளுக்கு ஒரு கலன், அதாவது 4 லீற்றர். சுமையோடு சைக்கிள் மிதிக்கிறவருக்கு அது காணாது. ஓடும்போது மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை போகும். ஆறு மணித்தியாலம் மிதித்தால் 5 லீற்றர் என்று வையுங்கள். சமையலுக்கும் இரவுக்கும் விடியலுக்கும் இன்னும் 2, 3 லீற்றர். ஆக நாளுக்கு 7 அல்லது 8. இடையில் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் சைக்கிளில் 15 கிலோ தண்ணீர் மட்டும் ஏறும். அதற்கு மேல் கூடாரம், சாப்பாடு, உடுப்பு, சைக்கிள் திருத்தும் ஆயுதங்கள். ஏற்றத்தில் அந்தப் பாரத்தோடு வேகம் பாதியாகும். வேகம் பாதியானால் நேரம் இரட்டிக்கும், நேரம் இரட்டித்தால் இன்னும் தண்ணீர் வேண்டும். இந்தச் சுழலைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டே பாதையைத் தெரிவு செய்யுங்கள்.

வெயில் பழக்கம் என்று சொன்னீர்கள். அது உண்மையான பலம்தான். அங்கே வேறு இடத்திலிருந்து வருகிறவர்கள் உடம்பை வெப்பத்துக்குப் பழக்க ஒன்று இரண்டு கிழமை எடுக்கும்போது உங்கள் உடம்பு ஏற்கெனவே பழகியிருக்கும். ஆனால் எங்கள் வெயிலும் அந்த வெயிலும் ஒன்றில்லை. மட்டக்களப்பில் வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருப்பதால் காற்றில் ஈரம் நிற்கும். வியர்வை காயாது, சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டும். எவ்வளவு நீர் போகிறது என்று உடம்பே சொல்லிவிடும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும். சேர்ட் தொட்டால் உலர்ந்திருக்கும், ஓரங்களில் வெள்ளையாக உப்பு மட்டும் பூத்திருக்கும். வியர்க்கவே இல்லையே என்று நினைத்து ஓடிக்கொண்டிருப்பவர் திடீரெனத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கிழக்கிலிருந்து போகிறவரை ஏமாற்றுவது இதுதான். எங்கள் வெயிலில் கற்றுக்கொண்ட அடையாளம் அங்கே வேலை செய்யாது.

அதனால் தாகத்தை நம்பாமல் மணிக்கூட்டைப் பாருங்கள். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாலு மிடறு. சிறுநீர் எந்த நிறம் என்று பாருங்கள், தேயிலைச் சாயம் போலப் போனால் நிறுத்தி நிழல் தேட வேண்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. உப்பு வெளியேற, தண்ணீர் மட்டும் உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் வரை போகும். பார்ப்பவர்கள் நீர்க்குறைவு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற்றுகளை இங்கிருந்தே வாங்கிப் போங்கள், பாரமே இல்லை. கைவசம் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

உங்கள் உடம்பு எவ்வளவு நீர் இழக்கிறது என்பதை இங்கேயே அளந்துகொள்ளலாம். ஒரு மணித்தியாலம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் தராசில் ஏறுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் போயிருக்கிறது. இடையில் குடித்ததைக் கூட்டிக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் பகல் பத்து மணிக்குப் பிறகு இதைச் செய்து பாருங்கள். மேற்கிலிருந்து மலை தாண்டிக் காய்ந்து வரும் அந்தக் காற்று, எங்கள் ஊரில் பாலைவனத்துக்கு ஆகக் கிட்டிய அனுபவம். அதற்கு முகம் கொடுத்து வவுணதீவுப் பக்கத்திலிருந்து உன்னிச்சைக் குளம் நோக்கி மிதித்தால், சேர்ட் காய்ந்தபடியே களைத்துப்போவது எப்படி என்று உங்களுக்கே விளங்கும்.

பயிற்சிக்கு வாவிக்குக் கிழக்கே இருக்கும் எழுவான்கரையை விட்டு, மேற்கே படுவான்கரைக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்கு ஏறி, உள்ளே குளக்கட்டுகளும் கிரவல் வீதிகளுமாக நவகிரிப் பக்கம் வரை போனால் வீடுகள் குறையும், நிழல் குறையும், வீதி கையைக் குலுக்கும். வேண்டியது அதுவே. சைக்கிளில் எட்டு லீற்றர் தண்ணீரை ஏற்றி, வழியில் ஒரு கடையிலும் வாங்காமல் ஒரு முழு நாள் ஓடுங்கள். தயிர்க்காரரைக் கண்டால் மட்டும் நின்று ஒரு முட்டித் தயிர் வாங்கலாம், அதை நான் தடுக்க மாட்டேன். யானை நடமாடும் இடங்கள் அவை. காலை நன்றாக விடிந்த பிறகு புறப்பட்டு, மாலை நான்கு மணிக்கு முன் வெளியே வந்துவிடுங்கள். ஊர்க்காரர் போகாதே என்று சொன்ன பாதையில் போகாதீர்கள். அதேபோல் பாணமையிலிருந்து உகந்தை வரையான கிரவல் வீதி நல்ல பயிற்சி. கோயிலடியில் ஓட்டம் முடியும். அதற்கு அப்பால் குமண பூங்கா, உள்ளே சைக்கிளில் போக விடமாட்டார்கள்.

மணலில் ஓடவும் பழக வேண்டும். வைற் றிம்மில் கல் மீது ஓடுவதைவிட, பள்ளங்களில் சேர்ந்திருக்கும் மணல்தான் ஆளை இறக்கிவிடும். பாலமீன்மடுப் பக்கம் கடற்கரை மணலில் ரயர் காற்றைக் குறைத்து ஓடிப் பாருங்கள். பாரத்தைப் பின்னால் வைத்து, ஹாண்டிலைப் பிடிப்பதைத் தளர்த்தி, நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முன் சில்லு தோண்டிக்கொள்ளும்.

எங்களிடம் இல்லாதது ஏற்றம். மாவட்டம் முழுக்கத் தட்டை. ஒரு கிழமை இறுதியில் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றி வெல்லவாயவுக்குப் போய், அங்கிருந்து எல்லவுக்கு ஏறுங்கள். 200 மீற்றர் உயரத்திலிருந்து 1,000 மீற்றர் வரை இடைவிடாத ஏற்றம். அல்லது செங்கலடியிலிருந்து கரடியனாறு, மகா ஓயா, பிபிலை வழியாக பதுளை வரை இரண்டு மூன்று நாளில் போய் வரலாம், அது இன்னும் நல்லது.

இனிப் பாதை. நீங்கள் வைற் றிம் கேட்டிருந்தீர்கள், அத்தான் ஹாங்ஸ்வில்லிலிருந்து பிளாண்டிங் போகும் 95ஆம் இலக்க வீதியைச் சொல்லியிருந்தார். அந்த 95 முதல் தடவைக்கு வேண்டாம். கிட்டத்தட்ட 200 கிலோமீற்றரில் ஊர் என்று ஒன்றும் இல்லை. கொலராடோ ஆற்றைக் கடக்கும் ஹைட் என்ற இடத்தில் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. நிச்சயமான தண்ணீர் நச்சுரல் பிரிட்ஜஸ் என்ற தேசிய நினைவிடத்தின் பார்வையாளர் நிலையத்தில்தான், அது ஹாங்ஸ்வில்லிலிருந்து சுமார் 150 கிலோமீற்றர். அமெரிக்காவின் குறுக்கே சைக்கிளில் போகிறவர்கள் பலர் இந்த வீதியால்தான் போகிறார்கள், ஆனால் அவர்கள் அங்கே வரும்போது சுமையோடு நாட்கணக்கில் ஓடிப் பழகியிருப்பார்கள்.

என் விருப்பம், முதல் மூன்று நான்கு நாளை 12ஆம் இலக்க வீதியில் போடுங்கள். ரோறி பக்கத்திலிருந்து போல்டர், எஸ்கலாண்டே, கனன்வில், டிரோப்பிக் வழியாக பிறைஸ் கேன்யன் வரை, ஏறத்தாழ 180 கிலோமீற்றர், முழுக்கத் தார் வீதி. ரோறியிலிருந்து போல்டருக்கு 60, அங்கிருந்து எஸ்கலாண்டேக்கு 45, பிறகு கனன்வில் பக்கம் இன்னொரு 55 அளவு. ஒவ்வொரு இரவும் ஒரு ஊர், ஒரு குழாய், ஒரு கடை. ஆனாலும் இடையில் இருப்பது அசல் கேன்யன் நாடு. போல்டருக்கும் எஸ்கலாண்டேக்கும் நடுவில் வீதி ஒரு ஒடுங்கிய பாறை முதுகில் ஏறும், இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்புச் சுவரும் கிடையாது. அந்த இடத்தில் பக்கக் காற்றடித்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். போல்டர் மலையைத் தாண்டும்போது வீதி 2,900 மீற்றருக்கு ஏறுகிறது. எங்கள் பீதுருதாலகால உச்சியே 2,524 மீற்றர்தான். மூச்சு வாங்கும், பின்னேரம் மழையும் ஆலங்கட்டியும் வரலாம், ஆகவே அதைக் காலையிலேயே தாண்டிவிட வேண்டும்.

அந்த நாட்களில் உடம்பும் சாமானும் எப்படி என்று தெரிந்துவிடும். அதன் பிறகு வைற் றிம்முக்குப் போங்கள், வாகனத் துணையோடு. மூன்று நாள் ஓட்டம், இரண்டு இரவு. உயரமான, நான்கு சில்லும் இழுக்கிற வாகனம் ஒன்றில் தண்ணீரையும் சாப்பாட்டையும் ஏற்றி, நீங்களும் அத்தானும் மாறி மாறி ஓட்டலாம். அக்காவும் வந்தால் இன்னும் நல்லது, அந்தப் பாதையில் ஓட்டிப் பழகியவராக இருந்தால். ஷேஃபர் என்ற கொண்டையூசி வளைவுகளால் இறங்கி, மர்ஃபி, ஹார்ட்ஸ்க்ராபிள் என்ற இரண்டு செங்குத்து ஏற்றங்களைத் தாண்டி, கடைசியில் மினரல் பொட்டம் வளைவுகளால் மேலே வர வேண்டும். இரவு தங்க அனுமதிப்பத்திரம் கட்டாயம், குறித்த முகாம்களில் மட்டும்தான் தங்கலாம். பகலில் மட்டும் ஓடுவதற்கும் அனுமதி வேண்டும். இலையுதிர்காலத்துக்கு ஆட்கள் மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுவார்கள். அத்தானிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பயணச்சீட்டை விட இது முதலில் நடக்க வேண்டிய வேலை.

காலம் நன்றாக அமைந்திருக்கிறது. சித்திரை, வைகாசித் தொடக்கம் ஒன்று, புரட்டாதி, ஐப்பசி இன்னொன்று. கோடையில் 38 பாகையைத் தாண்டும், அப்போது நிழலில்லாத கல்லில் ஓடுவது உயிரோடு விளையாடுவது. உங்கள் பயணத்தை செப்ரெம்பர் கடைசிக்குப் பிறகு வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஜூலை முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை அங்கே பின்னேர இடிமழைக் காலம்.

அந்த மழையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவு பெய்யும், அங்கே 230 அளவுதான். அவ்வளவு குறைவான மழைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று தோன்றும். எங்கள் மண் குடிக்கும். வயல், குளம், தோணா, வாவி என்று வெள்ளத்துக்குப் போக இடம் உண்டு. உன்னிச்சை வான்கதவைத் திறந்தால் முன்கூட்டியே அறிவிப்பும் வரும். அங்கே வெறும் பாறை, ஒரு துளியும் உள்ளே போகாது. மைல் கணக்கில் தள்ளி ஒரு மேட்டில் பெய்த மழை ஒடுங்கிய கேன்யனுக்குள் சுவராக வந்து சேரும், தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே. 1997 ஆகஸ்ட் 12ஆம் திகதி அரிசோனாவின் அன்ரலோப் கேன்யனில் அப்படித்தான் 11 பேர் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை இல்லை. ஆகவே ஒடுங்கிய பிளவுகளுக்குள் போவதற்கு முன் அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள். காய்ந்த ஆற்றுப் படுக்கையில் மணல் மெத்தென்று இருக்கிறதே என்று கூடாரம் அடிக்காதீர்கள். வீதியைக் குறுக்கே வெட்டி ஓடுகிற வெள்ளத்தில் சைக்கிளை இறக்காதீர்கள், மேட்டில் நின்று காத்திருங்கள். வந்த வேகத்தில் அது வடிந்தும் போகும்.

மழைக்கு இன்னொரு விளைவும் உண்டு. கொட்டன்வூட் கேன்யன் வீதி போன்ற சில மண் வீதிகள் ஒருவகைக் களிமண். காய்ந்திருக்கும்போது அருமையான வீதி. நனைந்தால் மாரியில் வயல் வரம்பில் சைக்கிள் உருட்டிய நிலைமைதான், இன்னும் மோசம். ரயருக்கும் கவைக்கும் நடுவில் அப்பி, சில்லு சுற்றாது. இழுத்து உடைக்காமல் ஒரு நாள் காய விடுவதே வழி. அந்த ஒரு நாளுக்கு மேலதிகத் தண்ணீரும் சாப்பாடும் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

முள்ளும் இருக்கிறது. எங்கள் காணிகளில் படர்ந்து கிடக்கும் அதே நெருஞ்சி பழைய உலகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பரவி, அங்கே சைக்கிள்காரரின் முதல் எதிரியாகிவிட்டது. ஊர் ஓரங்களிலும் வீதிக் கரைகளிலும்தான் அதிகம், கல் நாட்டின் உள்ளே குறைவு. நிற்கும்போது சைக்கிளைக் கரைக்கு இறக்காமல் தார் மேலேயே வையுங்கள். ரியூப் இல்லாத ரயரில் ஓட்டையடைக்கும் பால் ஊற்றிக்கொண்டால் நெருஞ்சி ஒரு பொருட்டில்லை, ஆனால் அந்த வறட்சியில் பால் சீக்கிரம் காயும், போகும் முன் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். ஒட்டுப் போடும் சாமானும் ஒரு உதிரி ரியூப்பும் கை பம்பும் எப்படியும் வேண்டும். செயின் இணைப்பு ஒன்று, ஸ்போக் கம்பி இரண்டு, கியரைத் தாங்கும் கொக்கி ஒன்று. அந்தக் கொக்கி ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு வேறு வடிவம், நடுவழியில் உடைந்தால் கடைகூட உதவாது.

குளிரை எங்கள் ஆட்கள் மறந்துவிடுவார்கள். மட்டக்களப்பில் தை மாத விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. அங்கே பகலுக்கும் இரவுக்கும் 15, 20 பாகை வித்தியாசம், ஐப்பசியில் விடியும் நேரம் உறைநிலை கிட்டும். உறக்கப் பை நல்லதாக இருக்கட்டும், அத்தானிடம் கடன் வாங்குங்கள். பகலுக்கு வெயில் படாத நீளக் கைச் சேர்ட், தளர்வாக. ஒரு சாரமும் கொண்டுபோங்கள். நண்பகலில் சைக்கிள்கள் இரண்டுக்கும் நடுவில் கட்டினால் நிழல், மாலையில் துவாய், உடுப்பு மாற்ற மறைப்பு. அங்கே விற்கிற எந்தச் சாமானும் இத்தனை வேலை செய்யாது.

சாப்பாட்டில் தண்ணீரையும் எண்ணுங்கள். சோறு என்றால் அரிசி கழுவவும் வேண்டும், வடிக்கவும் வேண்டும். அவல் கொஞ்சத் தண்ணீரில் ஊறும், அடுப்பும் தேவையில்லை. சத்துமாவும் அப்படியே. கச்சான் அல்வா, எள்ளுருண்டை ஓடும்போது சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சாப்பிட ஏற்றவை. உப்புக்கு ஊறுகாய் நல்லது. கருவாடு வேண்டாம், இரவில் எலிகளைக் கூட்டும். அங்குள்ள அண்டங்காக்கைகள் பையின் சிப்பைத் திறக்கப் பழகியவை, சாப்பாட்டை மூடி இறுக்கி வையுங்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, மோவாப்பில் வாங்கலாம்.

தொலைபேசி வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி, காகித வரைபடமும் ஒன்று வைத்திருங்கள். செய்மதி மூலம் செய்தி அனுப்பும் கருவியை அத்தான் வாடகைக்கு எடுக்கலாம். எந்த முகாமில் எந்த இரவு, எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் தேட ஆள் அனுப்புவது என்பதை எழுதி அக்காவிடம் கொடுங்கள். காலையில் சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வீதியை விட்டு மண்ணில் இறங்காதீர்கள். அங்கே மண்ணின் மேல் கறுத்து, மேடு பள்ளமாக ஒரு பொருக்கு இருக்கும். அழுக்கு என்று நினைப்பீர்கள். நுண்ணுயிர்களும் பாசியும் இலைக்கனும் சேர்ந்து மணலைக் கட்டி வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. மண் காற்றில் போகாமலும், விழுந்த கொஞ்ச மழை நிற்கவும் அதுதான் காரணம். ஒரு ரயர் தடம் பதிந்தால் அது ஆறப் பல பத்தாண்டுகள் எடுக்கும். படம் எடுப்பதற்காகப் பத்து அடி உள்ளே போகிறவர்களைப் பார்த்து எனக்கு மனம் வெந்திருக்கிறது. கல் மீது நில்லுங்கள், அல்லது வீதியில் நில்லுங்கள்.

கடைசியாகச் சைக்கிள். இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். பெட்டி கட்டி, விமானக் கட்டணம் கொடுத்து, அங்கே பொருத்திச் சரிபார்ப்பதற்குள் இரண்டு நாள் போய்விடும். இங்கே நாங்கள் ஓடும் சைக்கிள்களின் பிறேக் ஷேஃபர் இறக்கத்துக்கு ஏற்றதும் இல்லை. மோவாப்பில் வாடகைக் கடைகள் நிறைய. டிஸ்க் பிறேக்கும் 2.2 அங்குலத்துக்குக் குறையாத ரயரும் உள்ள மலைச் சைக்கிளாகக் கேளுங்கள். உங்கள் சீற்றையும் பெடலையும் மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்க ஓடும்போது பழகிய சீற்றின் அருமை தெரியும். பெடல் நடுவிலிருந்து சீற்று வரையான உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். அங்கே வலது பக்கத்தால் ஓட வேண்டும் என்பது தெரியும்தானே, இன்னொன்றும் மாறியிருக்கும்: முன் பிறேக் இடது கையில் வரும். செங்குத்தான இறக்கத்தில் பழைய பழக்கத்தில் மாறிப் பிடித்தால் ஹாண்டிலுக்கு மேலால் போவீர்கள். கடையில் சைக்கிளை எடுத்ததும் மோவாப் தெருக்களில் ஒரு மணித்தியாலம் மெதுவாக ஓடி, கை பழகிய பிறகு மேட்டுக்குப் போங்கள்.